வானம் பார்த்த பூமியும் வெயில் பார்த்த தொழிலும்

ஐப்பசி பிறந்தால் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு வேண்டுதல்கள் ஒரே வாரத்தில் எழுகின்றன. கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்தவர்கள் மழை இறங்க வேண்டும் என்கிறார்கள். பட்டாசு ஆலைக்காரர்களும் கடைக்காரர்களும் தீபாவளி முடியும்வரை வானம் வெளுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இவர்களை இரு வேறு மக்கள் என்று பிரித்துவிட முடியாது. காலையில் ஆலை வண்டியில் ஏறிச் செல்லும் பெண்ணுக்கு ஊரில் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருக்கும். அவள் குடும்பத்துக்கு வெயிலும் வேண்டும், மழையும் வேண்டும். இரண்டும் உரிய மாதத்தில் வேண்டும்.

சிவகாசியைப் பற்றிப் பேசும்போது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, ஆகவே தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இங்கே வளர்ந்தன என்பது அது. நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த வட்டாரத்தில் உருவாவதால் இந்த விளக்கம் கேள்வியின்றி நிலைத்துவிட்டது. அது எவ்வளவு தூரம் சரி? இந்த மாவட்டத்தின் பருவநிலை உண்மையில் எப்படிப்பட்டது? தொழிலையும் வேளாண்மையையும் உயிரையும் அது எவ்வாறு ஆள்கிறது? இவற்றை ஒருசேரப் பார்த்தால், வறட்சியைத் தொழிலுக்கு வாய்த்த வரம் என்று சொல்லும் பேச்சு ஒரு பெரிய இழப்பை மறைப்பது தெரியவரும். அந்த இழப்பைச் சுமப்பவர் யார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மலையடி, கரிசல், கண்மாய்

1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான விருதுநகர் மாவட்டம் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கடற்கரை கிடையாது. வற்றாத ஆறும் கிடையாது. ஆனால் மாவட்டம் முழுவதும் ஒரே வறட்சி என்று நினைத்தால் தவறு. மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக மூன்று வகை நிலங்களைக் கடக்கிறோம்.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய மலையடி ஊர்களில் நெல்லும் கரும்பும் தென்னையும் மாந்தோப்பும் உண்டு. வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் மலை நீரைத் தேக்குகின்றன. சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் இங்குள்ள காடுகளில்தான் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இந்தக் காடு செழித்திருந்தால்தான் கீழே ஆற்றில் தண்ணீர் வரும்.

நடுவே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டங்களின் கரிசல் காடு. இங்கே காடு என்றால் மரம் அடர்ந்த இடமில்லை. மானாவாரி நிலத்தைத்தான் மக்கள் காடு என்கிறார்கள். கோடையில் கரிசல் மண் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மழை விழுந்ததும் வெடிப்புகளின் வழியே நீரை உள்வாங்கி, உப்பி, மூடிக்கொள்ளும். பிறகு பல வாரங்கள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நான்கைந்து நல்ல மழையில் ஒரு வெள்ளாமை எடுக்க முடிவது இந்தக் குணத்தால்தான்.

கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி. இங்கே கண்மாய்களே உயிர்நாடி. குண்டாற்றிலும் காட்டோடைகளிலும் ஓடிவரும் வெள்ளத்தைக் கண்மாய்க்குக் கண்மாய் கைமாற்றி நிறைக்கும் ஏற்பாடு பாண்டிய நாட்டின் பழைய அறிவு. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர் போகும்.

மாவட்டத்தின் முதன்மை ஆறு வைப்பாறு. மலையில் பிறந்து, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாகச் சென்று, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான் இது. ஆனாலும் 2022-இல் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் தொடங்கிய அகழாய்வு, இதன் கரையில் மிகப் பழங்காலம் தொட்டே மக்கள் வாழ்ந்து, பொருள் செய்து, வணிகம் நடத்தியதைக் காட்டியிருக்கிறது. குறைந்த மழையோடு வாழும் கலை இங்கே புதிதன்று.

மழை வரும் வழிகள்

மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 80 செ.மீ. தமிழகச் சராசரியைவிடக் குறைவு. ஆனால் பாலைநிலத்தின் அளவும் அன்று. அந்த மழை எப்போது, எத்தனை நாளில் விழுகிறது என்பதில்தான் சிக்கல்.

சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனைகிறது. மலையின் அந்தப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று, இறங்க இறங்கச் சூடாகிக் காய்ந்துவிடுகிறது. ராஜபாளையம் பக்கம் சில நாள் சாரல் எட்டிப்பார்க்கும். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் வந்து சேர்வது புழுதியை வாரி இறைக்கும் காற்று மட்டுமே. அந்தப் பருவத்தின் இறுதியில், ஆவணி, புரட்டாசி மாதங்களில், பகல் வெப்பத்தால் மாலையில் இடிமழை பெய்வதுண்டு.

ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. இதுவும் சீரான மழை இல்லை. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் எங்கே கரை ஏறுகின்றன என்பதைப் பொறுத்தது. சென்னைக்கோ ஆந்திரத்துக்கோ அவை ஒதுங்கினால் தென்மாவட்டங்களுக்குத் தூறல்தான். இலங்கைக்குத் தெற்கேயோ குமரிக்கடல் வழியாகவோ நகர்ந்தால், கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கொட்டித் தீர்க்கும். ஒரு பருவத்தின் மொத்த மழையும் சில நாள்களில் பெய்து முடிந்துவிடுவது இங்கே புதுமை இல்லை.

மூன்றாவது, கோடை மழை. சித்திரை, வைகாசியில் மாலை நேரம் மேகம் திரண்டு இடியோடு பெய்யும் இந்த மழைக்கு ஆண்டுக் கணக்கில் கணிசமான பங்கு உண்டு. கோடை உழவுக்கு அது வரம். பட்டாசு ஆலைகளுக்கு மின்னலைக் கொண்டுவருவதும் அதுவே.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு என்றால் நாடு முழுவதும் வறட்சி என்று செய்திகள் சொல்லும். அது தென்மேற்குப் பருவத்தை வைத்துச் சொல்வது. வடகிழக்குப் பருவம் எல் நினோ ஆண்டுகளில் பல சமயம் வலுப்பதையும் அக்கடல் குளிரும் லா நினா ஆண்டுகளில் மெலிவதையும் வானிலை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே தில்லிக்குப் பொருந்தும் முன்னறிவிப்பைக் கொண்டு சாத்தூர் விவசாயி விதைக்க முடியாது.

ஒரு மாவட்டம், இரு நாள்காட்டிகள்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறது பழமொழி. ஆறும் கிணறும் உள்ள ஊருக்கு அது சரி. கரிசல் மானாவாரிக்குப் புரட்டாசிப் பட்டமே பட்டம். ஆடியில் விதைத்தால் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். எனவே சித்திரையிலேயே கோடை உழவு போட்டு நிலத்தைப் புழுதியாக்கி வைக்கிறார்கள். மழை தொடங்குவதற்குச் சற்று முன்பே காய்ந்த புழுதியில் விதைத்து விட்டுக் காத்திருப்பதும் உண்டு. முன்பருவ விதைப்பு என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இதைத்தான். அண்டையில் கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமும், ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் ஏற்ற ரகங்களைத் தேடுவதிலேயே பல தலைமுறை உழைப்பைச் செலுத்தியுள்ளன. புழுதி விதைப்பில் கணக்குத் தவறினால், முதல் தூறலில் முளைத்த பயிர் அடுத்த மழை வராமல் கருகும். மறுவிதைப்புக்குக் கடன் வாங்க வேண்டிவரும்.

தொழிலின் நாள்காட்டி வேறு. மாசி முதல் ஆவணி வரை வெயில் நிறைந்த மாதங்களே உற்பத்திக் காலம். ஆனி, ஆடிக் காற்றில் காகிதக் குழாய்களும் தீக்குச்சிகளும் விரைவில் காய்கின்றன. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுகின்றன. தமிழ்நாடே சுவரில் மாட்டும் தினக் காலண்டரின் வேலை அன்று சூடுபிடிக்கிறது. அதே ஆடியின் கடைசி வெள்ளிக்கு அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மனைக் கும்பிட லட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் வடமாநிலங்களுக்குச் சரக்கு லாரிகள் புறப்பட்டுவிடுகின்றன.

தீபாவளியும் வடகிழக்குப் பருவமும் ஒரே மாதத்தில் வருவதைத் தொழிலுக்குக் கேடு என்று மட்டும் பார்க்கக் கூடாது. பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடப்படும். காற்றில் ஈரம் ஏறி எதுவும் காயாத நாள்கள் அவை. அந்த நாள்களில்தான் காட்டில் களையெடுப்பு இருக்கும். தையில் பாசிப்பயறும் உளுந்தும் கைக்கு வரும்போது ஆலைகள் மீண்டும் வேகமெடுக்கும். உழவும் ஆலையும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு வாழும் இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டு வகுக்கவில்லை. பருவமே வகுத்துக் கொடுத்தது. மழை தள்ளிப்போனாலும் முந்திக்கொண்டாலும் இரண்டு நாள்காட்டிகளும் சேர்ந்தே குலைகின்றன.

சிவகாசியை வெயில் உருவாக்கியதா?

வறண்ட காற்று இந்தத் தொழில்களுக்கு உதவுகிறது என்பதில் ஐயமில்லை. பசை தடவிச் சுருட்டிய காகிதக் குழாய் காய வேண்டும். பேன்சி ரகங்களில் வண்ணம் காட்டும் மணி மருந்து காய வேண்டும். மருந்தில் முக்கிய தீக்குச்சி காய வேண்டும். அச்சுக் காகிதம் ஈரம் ஏறினால் விரிந்து, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. விலையில்லாமல் கிடைக்கும் வெயில் இவை அனைத்துக்கும் எரிபொருள் செலவை மிச்சப்படுத்தியது.

ஆயினும் வெயில் மட்டுமே காரணம் என்றால் அண்டையிலுள்ள இராமநாதபுரத்தில் ஏன் பட்டாசுத் தொழில் வளரவில்லை? சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழிலைக் கற்கப் போனது கல்கத்தாவுக்கு. அது ஈரம் மிகுந்த ஊர். உலகின் மிகப் பெரிய பட்டாசு மையமான சீனத்தின் லியூயாங், நல்ல மழை பெறும் ஹூனான் மாகாணத்தில் இருக்கிறது. வறண்ட வானம் இல்லாமலும் இந்தத் தொழில் உலகத் தரத்தில் நடக்க முடியும் என்பதற்கு அந்த ஊரே சான்று.

ஆகவே வெயில் இடம் கொடுத்தது. தொழிலைக் கொண்டுவந்தவை வேறு காரணங்கள். 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டி மீதான சுங்கவரி உயர்ந்து உள்நாட்டு உற்பத்திக்கு வழி திறந்தது. விருதுப்பட்டி என்று அறியப்பட்ட விருதுநகரின் வத்தல், பருத்தி, எண்ணெய் வணிகம் முதலையும் கடனையும் தந்தது. நாடார் சமூகத்தின் உறவின்முறை அமைப்பும் மகமை என்னும் பொதுநிதியும் கூட்டு முயற்சிக்குப் பழக்கம் தந்திருந்தன. இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுப் பட்டாசு வரவை நிறுத்தியது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் பெற்ற ஆலைகளுக்கு வடிவம் கொடுத்தன.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் காரணம் ஒன்று உண்டு. வறட்சி கூலியை மலிவாக்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு கரிசல் வீடுகளில் பல தலைமுறை நீடித்தது. மழை பொய்த்த ஆண்டில் காட்டில் வேலை இல்லை. வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி ஒட்டினால் அன்றாடச் செலவுக்குக் காசு கிடைத்தது. பெரியவர்களோடு பிள்ளைகளும் ஒட்டினார்கள். சிவகாசியில் குழந்தைத் தொழிலாளர் நிலை குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டிவந்தது. இன்று ஆலைகளில் குழந்தைகள் பெருமளவு இல்லை என்பது இந்த மண்ணின் மக்களும் கல்வியும் போராடிப் பெற்ற வெற்றி. ஆனால் மழை பொய்த்தால் ஆலைக்குப் போவதைத் தவிர வழியில்லை என்ற நிலை பெரியவர்களுக்கு மாறவில்லை. வறண்ட வானிலை தொழிலுக்கு அளித்த பெரிய கொடை வெயிலைவிட, வேறு போக்கில்லாத இந்த உழைப்புதான்.

வெப்பம், ஈரம், மின்னல்

பட்டாசு ஆலையில் வானிலை உயிர்ப் பிரச்சினை. மருந்துக் கலவை மூன்று வகைகளில் வானத்துக்குக் கட்டுப்பட்டது.

முதலாவது வெப்பமும் வறட்சியும். சித்திரை வெயிலில் தகரக் கூரையும் தரையும் காயும்போது கலவை உராய்வில் எளிதில் பற்றிக்கொள்கிறது. காற்றில் ஈரம் குறையக் குறைய, உடையிலும் உடலிலும் நிலைமின்சாரம் சேர்கிறது. பருத்தி உடை உடுத்த வேண்டும், மருந்து அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இதற்காகவே. மருந்துக் கலவை வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட வேண்டும் என்பதும் பழைய போர்மேன்கள் கற்றுத்தரும் பாடம். தொழிலுக்கு நல்லது என்று போற்றப்படும் அதே வறண்ட காற்று உள்ளே ஆபத்தாகிறது.

இரண்டாவது ஈரம். பட்டாசு நனைந்தால் வெடிக்காது, ஆகவே ஆபத்தில்லை என்று வெளியாள்கள் நினைப்பார்கள். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் மெல்ல வினை நடந்து சூடு ஏறும். அந்தச் சூடு தேங்கினால் தானே பற்றிக்கொள்ளும். முந்தின நாள் மிச்சம் வைத்த மருந்து, இரவு மழையில் நனைந்து, காலையில் கதவு திறக்கும்போது காத்திருக்கிறது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், கழிவு மருந்தை முறைப்படி அழிக்க வேண்டும் என்ற விதிகளுக்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது.

மூன்றாவது மின்னல். இடி இடித்தால் வேலையை நிறுத்தி ஆட்களை அறைகளிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பது விதி. கட்டடங்களுக்கு இடிதாங்கி கட்டாயம். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மின்னல் தாக்கி அறைகள் தரைமட்டமான நிகழ்வுகள் இந்த வட்டாரத்தில் உண்டு.

அப்படியானால் விபத்துகளுக்கு வானிலைதான் காரணமா? தேதிகளைப் பார்ப்போம். முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரைப் பலிகொண்ட வெடிவிபத்து 2012 செப்டம்பர் 5-இல் நடந்தது. அச்சன்குளம் விபத்து 2021 பிப்ரவரி 12-இல். செங்கமலப்பட்டி விபத்து 2024 மே 9-இல். சின்னக்காமன்பட்டி விபத்து 2025 சூலை 1-இல். புரட்டாசி வரவிருந்த பரபரப்பு, தை முடியும் பனிக்காலம், கத்திரி வெயில், ஆனிக் காற்று என நான்கும் நான்கு பருவங்கள். சாவு ஒரு பருவத்தோடு நிற்கவில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, அறைகளை உள்குத்தகைக்கு விடுவது, மரத்தடியில் வைத்துச் செய்வது ஆகியவையே திரும்பத் திரும்பப் பேசப்படும் காரணங்கள். வெயில் தீக்குச்சியைக் கொடுக்கலாம். குவியலைச் சேர்த்து வைப்பது மனிதர்கள். வெப்பத்தைக் காரணம் காட்டிப் பொறுப்பைக் கைகழுவ எவரையும் அனுமதிக்கக் கூடாது.

விதி இருந்தும் வேலை நிற்காததற்கு வலுவான காரணம் கூலிமுறை. பெரும்பகுதி வேலைக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. நண்பகல் வெயிலுக்காக வேலையை நிறுத்தினால் ஆலைக்கு உற்பத்தி தாமதமாகும், தொழிலாளிக்கு அன்றைய கூலியே போய்விடும். மழையில் நான்கு நாள் ஆலை மூடினால் ஐந்தாம் நாள் இருமடங்கு வேகத்தில் கை ஓடும். பாதுகாப்பு விதிகளை மேற்பார்வையிடும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுக்கும் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கும் ஆய்வாளர்கள் போதிய அளவில் வேண்டும் என்பது உண்மை. அதோடு, நிறுத்தும் நாளுக்குக் கூலி இல்லாதவரை எந்த விதியும் தொழிலாளியின் விதியாக மாறாது.

தில்லியின் வானம்

சிவகாசியின் வருமானத்தை இப்போது இன்னொரு ஊரின் வானிலையும் தீர்மானிக்கிறது. ஐப்பசி மாதத் தில்லியில் காற்றோட்டம் குறையும். தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல் அமைந்து புகையைக் கீழேயே அடைத்துவிடும். அண்டை மாநிலங்களில் நெல் தாள் எரிக்கும் புகையும் வாகனப் புகையும் சேரும் நேரத்தில் தீபாவளி வருகிறது. அதே இரவு நம் ஊர்களில் கடற்காற்றோ மழையோ புகையை விரைவில் கலைத்துவிட வாய்ப்பு அதிகம்.

இந்தக் காற்று மாசை முன்வைத்த வழக்கில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி வகுத்த, புகை குறைந்த பசுமைப் பட்டாசு வந்தது. தில்லி மக்களின் மூச்சு முக்கியம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் வடக்கின் குளிர்காலக் காற்றுக்காக எடுத்த முடிவின் சுமை, பேரியத்துக்கு மாற்றாக எதைக் கலப்பது, ஈரத்தை இழுக்கும் புதிய கலவையை எப்படிப் பாதுகாப்பது என்ற கேள்விகளாகச் சாத்தூர் வட்டாரத்தின் சிறு ஆலைகள் மேல் இறங்கியது. ஆராய்ச்சி ஆதரவும் பயிற்சியும் தடையோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

மாறிவரும் பருவம்

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. வைப்பாறு படுகையின் அணைகள் மண் தரையாகக் கிடந்தன. நேர்மாறாக 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, விருதுநகரின் ஓராண்டுச் சராசரியையும் மிஞ்சும் அளவு அது. அந்த மழைமேகம் சற்று வடமேற்கே தங்கியிருந்தால் தூர்ந்துபோன நம் கண்மாய்க் கரைகளின் கதி என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெப்பமும் கூடிவருகிறது. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தில் உயிரிழப்போர் குடும்பத்துக்கு நிவாரணம் தர அது வழி செய்தது. மின்விசிறிகூட வைக்க முடியாத மருந்து அறையில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரைவிட இந்த அறிவிப்பு யாருக்கு அதிகம் தேவை?

வயலில் மாற்றம் வேறு வகையில் தெரிகிறது. கம்பும் சோளமும் பருத்தியும் இருந்த இடத்தில் மக்காச்சோளம் பரவியது. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு அதைத் தாக்கியது. காட்டுப்பன்றித் தொல்லையும் ஆள் பற்றாக்குறையும் சேர, பலர் காட்டைத் தரிசாக விட்டார்கள். தரிசிலும் கண்மாயிலும் சீமைக்கருவேலம் அடர்ந்தது. அதை அகற்ற 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முனைந்தது. அதே ஆண்டு நீர்நிலைகளைத் தூர்வாரும் குடிமராமத்துத் திட்டமும் தொடங்கியது. ஆனால் வேரோடு எடுக்காத கருவேலம் மறு ஆண்டே தழைக்கிறது. வரத்துக்கால் ஆக்கிரமிப்பில் இருக்கும்போது கண்மாயை மட்டும் தூர்வாரிப் பயனில்லை.

பெரிய நீர்த் திட்டங்களும் பேசப்படுகின்றன. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் உபரி நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்துக்கு 1995-இல் சாத்தியக்கூறு அறிக்கை தயாரானது, கேரளம் ஏற்கவில்லை. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது; அதன் கடைக்கோடி இந்த மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு நம்பிக்கை. அந்த நீர் வரும்போது வரட்டும். விழுகிற 80 செ.மீ. மழையைப் பிடித்து வைக்க யாருடைய சம்மதமும் தேவையில்லை.

செய்ய வேண்டியவை

முதலில், வெப்பமும் ஈரமும் ஆலை வளாகத்திலேயே அளக்கப்பட வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் மருந்து கலக்கவோ செலுத்தவோ கூடாது என்பதை விதி எண்ணால் சொல்ல வேண்டும். போர்மேனின் அனுபவம் மதிப்புள்ளது. ஆனால் உற்பத்தி நெருக்கடியில் அனுபவத்தை அடக்கிவிடலாம், அளவுகோலை அடக்குவது கடினம். லியூயாங்கில் கடும் கோடை வாரங்களில் பட்டாசு உற்பத்தியை நிறுத்திவைக்கிறார்கள். இந்தியாவின் பட்டாசுத் தலைநகரத்துக்கும் கத்திரி நாள்களில் அப்படியொரு நிறுத்தம் வேண்டும்.

இரண்டாவது, மின்னல் எச்சரிக்கை. தாமினி செயலி போன்றவை மின்னலை முன்கூட்டி அறிவிக்கின்றன. கைப்பேசி கொண்டுபோக முடியாத ஆலைக்குள் அந்தச் செய்தி சங்கொலியாகச் சேர வேண்டும். ஊருக்கு ஊர் ஆலைகள் நெருங்கியிருப்பதால், ஒரு கொத்துக்கு ஒரு சங்கு என்று ஆலை உரிமையாளர் சங்கங்களே இதை நடத்த முடியும்.

மூன்றாவது, நிறுத்த நாளுக்குக் கூலி. தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. கடலில் மீன் பெருகக் கரையில் இருப்பவருக்கு ஈடு தருவது நியாயம் என்றால், உயிர் காக்க வேலை நிறுத்தும் பட்டாசுத் தொழிலாளிக்கும் ஈடு தருவது நியாயம். விற்பனை மீதான சிறு பங்களிப்பும் அரசின் பங்கும் சேர்ந்து இதற்கொரு நிதியம் அமைக்கலாம்.

நான்காவது, கண்மாய். மலையடி ஓடையிலிருந்து கடைசிக் கண்மாய்வரை ஒரு சங்கிலி முழுவதையும் ஒரே பணியாக எடுத்து, வரத்துக்கால், மடை, கலுங்கு மூன்றையும் சேர்த்துச் சீரமைக்க வேண்டும். ஐந்தாவது, புரட்டாசி விதைப்புக்கு ஒன்றிய அளவிலான மழைக் கணிப்பும், கம்பு, குதிரைவாலி, சோளம் போன்ற குறைந்த நீர்ப் பயிர்களுக்கு உறுதியான கொள்முதலும். காட்டில் வருமானம் இருந்தால் ஆபத்தான அறைக்குப் போவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைக்கும்.

2018-இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இரண்டு: விருதுநகர், இராமநாதபுரம். ஒன்று நாட்டுக்கே பட்டாசு தருகிறது; மற்றொன்றில் அந்தத் தொழில் இல்லை. இரண்டும் ஒரே பட்டியலில் நிற்பதே, வெயில் தந்த வளம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதைச் சொல்கிறது. ஆகவே வறட்சியைத் தொழிலின் அதிர்ஷ்டம் என்று பாராட்டும் பேச்சை விட்டுவிடுவோம். கத்திரி நிறுத்தமும் அதற்கான கூலியும் அடுத்த உற்பத்திக் காலம் தொடங்குமுன் விதியாக வேண்டும். மாவட்ட நிர்வாகமும் ஆலை உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இது முடியும் காரியம்.